மூத்த கன்னிக்கு வேட்டி

"கல்லுக்குத் துணி உடுத்தினவன் கெட்டிக்காரன், அவிழ்த்துப் பார்த்தவன்..." என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். அவிழ்த்துப் பார்த்தவன் என்ன ஆவான் என்கிற பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. பாவி என்பாரா, பைத்தியக்காரன் என்பாரா, சரியாக நினைவில்லை. ஏதோ மோனையோடு வரும். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்டுக்கொள்ள வழியில்லை.

உட்காருங்கள் சார். வெயில் தாழட்டும். தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், கண்மாய்க்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கல் எங்கேயும் ஓடிப்போகாது. இதை இன்றைக்குத் தைரியமாகச் சொல்கிறேன். போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? 'பெண்ணாக வழிபடப்படும் அரிய வீரபத்திரர், அரிய தொகுதி' என்று கீழே எழுதியிருந்தது. நான்தான் எழுதினேன். ஒரே வரியில் இரண்டு அரிய. இப்போது தேடினால் படம் கிடைக்காது, எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதைக் கேட்டுவிட்டு நீங்கள் கரைக்குப் போங்கள். பத்து நிமிஷம் ஆகும். பத்து என்று நான் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை, நீங்கள் புதியவர்.

ஊரில் என் பெயர் கனடா. அப்பா வைத்தது மதியழகன், அந்தப் பெயர் இப்போது ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஐந்தாவது வரை இங்கே தமிழில் படித்தேன், அதற்குப் பிறகு திருச்சி விடுதியில் ஆங்கிலத்தில். ஆக இரண்டு மொழியிலும் தப்பாகப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன். பாதி வாழ்க்கை கனடாவில் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதினேன். மனைவி அங்கேயே இருக்கிறாள், என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஒருவரோடு. நான் நாற்பத்தாறு வயதில் இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பெட்டியில் துணி. இன்னொன்றில் புத்தகம், எல்லாம் சிற்பம் பற்றி.

அந்தப் பித்து பனிக்காலத்தில் பிடித்தது. அங்கே அருங்காட்சியகத்துக்குள் நல்ல கதகதப்பு, வாரத்தில் ஒரு நாள் இலவசம். கண்ணாடிப் பேழைக்குள் பன்றிமுகத்தோடு ஓர் அம்மன் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க் கன்னிமாரில் ஒருத்திக்கு முகம் நீளம் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருந்தேன். அங்கேயே நின்றேன். காவலாளி வந்து, கூடம் மூடுகிற நேரம் என்றான். மறுநாளே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வாங்கினேன். அதிலிருந்து எந்தச் சிலையைப் பார்த்தாலும் கையில் என்ன, காதில் என்ன, காலுக்குக் கீழே என்ன என்று எண்ணுகிற வியாதி. மனைவி என்னைவிட்டுப் போன தினத்தில்கூட அவள் இடது காலை மடித்து வலது காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவள் சொன்னது நினைவில்லை.

சரி, கன்னிமாருக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கண்மாய்க்கரையில், மடைக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் வரிசையாக ஏழு கன்னிமார். கோடியில் ஒரு பிள்ளையார். அவர் காவலுக்கு, கணக்கில் சேர்த்தியில்லை. கூரை கிடையாது, பூசாரி கிடையாது. ஏழு கன்னிக்கு ஊரில் ஏழு வீடு பங்கு. ஆடிப்பெருக்கன்று அந்தந்த வீட்டுப் பெண் போய்த் தன் கன்னியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுச் சேலை போர்த்தி, காதோலை கருகமணி சாத்தி, பொங்கல் வைக்க வேண்டும். வீட்டுப் பெண் என்றால் அந்த வீட்டில் பிறந்தவள். மருமகளுக்கு அந்த உரிமை இல்லை. கன்னிகள் குளிக்கும்போது ஆண்கள் கரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெண்கள் குலவை போட்டால்தான் திரும்பலாம். திரும்பினால் மஞ்சளும் சேலையும் மாலையுமாக ஏழு குவியல் தெரியும். மூக்கு எங்கே என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆக, ஊரில் பிறந்த எந்த ஆண்பிள்ளையும் அந்தக் கற்களை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுப் பங்கு வரிசையில் முதல் கல். மூத்த கன்னி என்பார்கள். மூத்தவளுக்குத்தான் முதல் பானை. அது பொங்கி வழிந்த பிறகே மற்ற ஆறு அடுப்பும் பற்றவைக்கலாம். மூத்தவளைக் குளிப்பாட்டுகிறவள் எவளோ, அவள் அரைத்த மஞ்சளைத்தான் மற்ற வீட்டுப் பெண்கள் கையேந்தி வாங்கித் தாலியில் பூசிக்கொள்வார்கள்.

குளிப்பாட்டுகிறவள் எங்கள் அக்கா, சிலம்பாயி. இப்போது உங்களுக்குக் காபி வைத்துவிட்டுப் போனாளே, அவள்தான். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அத்தான் லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். பிள்ளை இல்லை, இங்கேயே வந்துவிட்டாள். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் அக்கா சமையல் கொட்டகையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். மணமேடைப் பக்கம் வரமாட்டாள். வா என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஆடியில் அந்த ஒரு நாள், தாலி கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவள் முன்னால் கையேந்தி நிற்பார்கள். நான் திரும்பி வந்த வருஷம் இதைக் கேள்விப்பட்டு, சுவையான முரண்பாடு என்று ஆங்கிலத்தில் குறித்துக்கூட வைத்தேன். அக்காவிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

போன வருஷம் சித்திரையில் கரையைப் பலப்படுத்த ஜேசிபி வந்தது. கன்னிமாரைப் பெயர்த்து, மேட்டில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, பழைய சேலையால் மூடிவைத்திருந்தார்கள். கோடை மழை ஒன்று பிடித்தது பாருங்கள், சேலையெல்லாம் வேலியில் போய்த் தொங்கிற்று. மறுநாள் காலையில் அந்த வழியாக நடக்கப் போனவன் நான்.

முதலில் சட்டென்று திரும்பி நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் குளிக்கிற துறைக்குள் தெரியாமல் நுழைந்தவன் மாதிரி. கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்புறம் படிப்பு ஜெயித்தது.

எத்தனையோ தலைமுறை எண்ணெயும் மஞ்சளும் மழையில் கரைந்து, கல் கல்லாகக் கிடந்தது. ஆயிரம் வருஷத்து முகங்கள். அக்கமாலையும் கமண்டலமும் பிடித்து, மூன்று முகம் தெரிய ஒருத்தி, பிராமி. சடைமுடியோடு மகேசுவரி. மார்பின் குறுக்கே பட்டை போட்ட சின்னப்பெண் கௌமாரி. சங்கு சக்கரத்தோடு வைஷ்ணவி. பன்றிமுகத்து வாராகி. வஜ்ஜிரத்தோடு இந்திராணி. புத்தகத்தைப் பிரித்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சாமுண்டி இருக்க வேண்டும், இல்லை. என்றைக்கோ உடைந்திருக்கலாம், எவனோ கொண்டுபோயிருக்கலாம்.

ஒருத்தி இல்லை என்றால் ஆறுதானே வரவேண்டும்? ஏழு எப்படி வந்தது?

முதல் கல்லிடம் போனேன். எங்கள் வீட்டுக் கன்னி. சடைமகுடம். ஒரு காதில் ஒரு குழை, மறு காதில் வேறு குழை. பூணூல். முன்கை இரண்டிலும் சாய்த்துப் பிடித்த வீணை. மார்பு இருக்க வேண்டிய இடம் பலகை மாதிரி. அன்னையர் வரிசைக்கு முன்னால் காவலாக உட்கார்ந்திருக்கும் வீரபத்திரர். சாமுண்டி போனதும் ஊர் ஏழு எண்ணுவதற்காக அவரையும் கன்னியாக்கி, சேலை கட்டி, கருகமணி போட்டு, காலங்காலமாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. அந்தச் சந்தோஷத்தை நீங்கள் அறிவீர்கள், சிலை ஆராய்ச்சிதானே உங்கள் தொழில். ஊரில் இத்தனை பேர் இருந்து ஒருத்தருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. படம் எடுத்தேன். இணையத்தில் போட்டேன். இரண்டு அரிய போட்டேன்.

வைகாசியில், கன்னிமாரைத் திரும்ப நடுவது பற்றி ஊர்க்கூட்டம். அதற்கு முந்தின நாள் சோலையப்ப மாமா ஒரு பலாப்பழத்தோடு வந்தார். எனக்கு மாமன் முறை, ஊரில் பெரிய தலை. அவர்கள் வீட்டுப் பங்குதான் வாராகி. தலைமுறையாக அவர்களைப் 'பன்னிமூஞ்சி வீட்டார்' என்று கேலி செய்வது வழக்கம். பெண் எடுக்கும்போதுகூடச் சொல்லிக்காட்டுவார்கள். ஆனால் காலம் மாறிப்போயிற்றே. இப்போது வாராகி என்றால் ஊர் ஊராகப் பஞ்சமி பூசை, வாசலில் கார் நிற்கிறது.

"மாப்ள, நீங்க நாலும் படிச்சவரு. கூட்டத்துல எது எது எந்தத் தாயின்னு விளக்கமா எடுத்துச் சொல்லணும்" என்றார்.

"எல்லாரும் கேட்பாங்களா மாமா?"

"நான் கேக்குறேன்ல?"

வந்த நாளிலிருந்து என்னை யாரும் எதையும் விளக்கச் சொன்னதில்லை. பலாப்பழம் வேறு நல்ல பழம்.

கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். வாராகி வந்தபோது கொஞ்சம் விரித்தே சொன்னேன். கலப்பை, உலக்கை, படைத்தலைவி, பூமியை மீட்டவள். சோலையப்ப மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். இத்தனை காலம் சுமந்த கேலி ஒரு நாளில் இறங்கினால் அழமாட்டார்களா? கடைசியாக அவர் மெதுவாகக் கேட்டார்:

"எல்லாம் சரி மாப்ள. முதல்ல இருக்கே, உங்க வீட்டுது, அது எந்தத் தாயி?"

சார், அந்தக் கேள்விக்காக நான் சித்திரையிலிருந்து காத்திருந்தேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

"அது தாயே இல்ல மாமா. அது ஆம்பளை" என்றேன்.

கூட்டம் அடங்கிற்று. என் பேச்சுக்கு ஊர் அடங்கிய ஒரே தடவை அதுதான். நான் பூணூலைச் சொன்னேன், குழையைச் சொன்னேன், வீணையைச் சொன்னேன். செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் கை மாற்றி அனுப்பினேன். பெண்கள் பக்கம் போன போன் திரும்பிவர நேரமாயிற்று.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆம்பளைச் சாமியைப் பெண்கள் குளிப்பாட்டுவது முறையல்ல. ஆம்பளைச் சாமிக்குச் சேலை கட்டுவது குற்றம். ஆம்பளை எப்படி மூத்த கன்னி ஆகமுடியும்? ஆகவே முதல் பானை படைத்தலைவி வீட்டுக்கு. படைத்தலைவி என்ற வார்த்தையை நான்தான் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சார்பில் இனி ஆண்பிள்ளைதான் போய் வேட்டி சாத்த வேண்டும், அது நான்தான் என்று முடிவானது. தலைமுறையில் முதல் தடவையாக எங்கள் வீட்டு ஆணுக்கு ஒரு உரிமை வந்ததே என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நடக்கும்போது இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

சோலையப்ப மாமா மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நல்ல மனிதர். ஊரில் என் பேச்சை முழுசாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் அக்கா இலை போட்டு வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி பேசியதைக் கேட்ட பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே பல நாள் நினைத்தேன். ஆடி பிறந்தும் அவள் பேசாமல் இருந்தபோதுதான், இது கொஞ்சம் நீளமான பெருமையாக இருக்கிறதே என்று பட்டது.

ஆடிப்பெருக்கு வந்தது. அதை நான் சொல்லாமல் விட்டாலும் கரையில் உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். நடித்தே காட்டுவார்கள்.

சிக்கல் என்ன தெரியுமா? கன்னிகள் குளிக்கிற நேரத்தில் ஆண் அங்கே நிற்கக் கூடாது. முதல் கல் ஆண் சாமி, பெண்கள் தொடக் கூடாது. அப்படியென்றால் அதே நேரத்தில் அதே இடத்தில் ஓர் ஆண் இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது. ஊர் இதைத் துண்டால் தீர்த்தது. என் கண்ணைக் கட்டிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கல்லுக்கு முன்னால் விட்டார்கள். சுற்றிலும் பெண்கள். குடத்துத் தண்ணீர்ச் சத்தம்.

இரண்டாவது கல்லுக்குப் பங்குக்காரி அன்னத்தாய் அத்தை. அவளுக்கு வாய் நீளம்.

"ஏப்பா கனடா, உனக்குக் கண்ணைக் கட்டியாச்சு. அந்த வீரபத்திரன் கண்ணை யாரு கட்டுறது? எங்க புள்ளைக குளிக்கிறத இத்தன வருசமா பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டுல்ல இருந்திருக்கான்?"

சிரிப்பு. எனக்குப் பின்னால், எனக்கு முன்னால், கரைக்கு அந்தப் பக்கமும். உடனே ஒரு சேலையை எடுத்து அவருக்கும் பிராமிக்கும் நடுவில் திரை கட்டினார்கள். நான் தடவித் தடவித் தண்ணீர் ஊற்றினேன். பாதி எனக்கு ஊற்றிக்கொண்டேன். பிறகு வேட்டி.

அவர் பலகைக் கல்லில் புடைத்து நிற்கிற சிற்பம், சார். முதுகு கிடையாது, முதுகு இருக்கிற இடத்தில் கல்தான். சேலையாக இருந்தால் மேலே போர்த்திவிடலாம். வேட்டியை இடுப்பைச் சுற்றிக் கட்ட வேண்டுமே, சுற்ற எங்கே இடம்? ஒரு கால் மடிப்பு, ஒரு கால் தொங்கல். துணி வழுக்கி வழுக்கி இறங்குகிறது. கடைசியில் பலகையோடு சேர்த்து, எது கைக்கு அகப்பட்டதோ அங்கே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன்.

"ஆச்சு" என்றேன்.

குலவை வரவில்லை. துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். வேட்டி கழுத்தில் கட்டியிருந்தது. வீரபத்திரர் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் போலிருந்தார்.

முதல் பானை சோலையப்ப மாமா வீட்டுப் பானைதான். அவர் மகள் மஞ்சள் கொடுத்தாள், எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அக்கா வரவில்லை. நான் திரும்பி வந்தபோது அவள் கொல்லையில் எங்கள் வீட்டுப் பொங்கல் பானையைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அடுப்பேறாத பானை. அதை எதற்கு விளக்குகிறாள் என்று கேட்டேன். கேட்கக்கூடியவன்தானே நான்.

அதற்குப் பிறகு ஊரில் புதுப் பேச்சு கிளம்பியது. கன்னிப் பிள்ளைகள் வரிசையில் ஓர் ஆண் சாமி எதற்கு? அன்னத்தாய் அத்தை விளையாட்டுக்குச் சொன்னதை ஊர் வினையாக எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் சித்திரையில் சோலையப்ப மாமா மறுபடி வந்தார். பலாப்பழம் இல்லை, வெறுங்கைதான்.

"மாப்ள, உங்க சாமிய கரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளைக நிக்கிற எடத்துல வச்சு, தனிக் கோயிலாவே கட்டிப்புடுவோம். செலவு நம்ம வீட்டுது. ஒரு பலகை வைப்போம். சாமி வரலாற நீங்களே எழுதிக் குடுத்துருங்க. கீழ உங்க பேரு."

நான் சம்மதித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பலகைக்கான வாசகத்தை அன்றே எழுத உட்கார்ந்தேன். தமிழில் பதினாறு வரி, ஆங்கிலத்தில் இருபது. ஓர் 'அரிய' போதும் என்று ஒன்றை அடித்தேன். எழுதியதை யாருக்காவது படித்துக்காட்ட வேண்டும். வீட்டில் அக்காதான் இருந்தாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. படித்தேன். வீணை வந்த இடத்தில் அவள் வாய் திறந்தாள்.

"அது வீணை இல்ல, அகப்பை."

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சோறு, தண்ணி தவிர்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"அகப்பையா?"

"மூத்தவ கையில அகப்பை இல்லாம வேற யாரு கையில இருக்கும்? அதுக்குத்தான அவளுக்கு முதப் பானை."

நான் புத்தகத்தை எடுத்துவந்து படத்தைக் காட்டினேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இது வேற யாரோ."

"அக்கா, மார்பைப் பாரு. மத்த ஆறு பேருக்கும் இருக்கில்ல? இதுக்கு இல்லையே."

"நான் குளிப்பாட்டாததாடா? என் கை படாத எடமா?" அவள் கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "அவ சடங்காகல. மூத்தவளா இருந்தும் ஆகல. பின்னால பொறந்தவளுக எல்லாம் ஆகி, வளந்து நிக்கிறாளுக. இவளுக்கு மாப்பிள்ளை வரல, புள்ளை இல்ல, ஒண்ணும் இல்ல. முதப் பானையாவது இவளுக்கு இருக்கட்டும்னு வச்சாங்க."

"யார் வச்சாங்க?"

"வச்சவளுக."

"இதுக்கு என்ன ஆதாரம்?"

அக்கா அடுத்த கொத்தை எடுத்தாள். பிறகு, "ஒத்தையில கொண்டுபோய் அந்தப் பக்கம் வைக்கப் போறீகளாமே" என்றாள். "ஆம்பளைக நிக்கிற எடத்துல. தங்கச்சிகள விட்டா அவளுக்கு யாருடா இருக்கா?"

வீரபத்திரர் பல இடங்களில் தனியாகவும் வழிபடப்படுகிறார் என்று புத்தகத்தில் இருந்ததை நான் சொன்னேன். பக்கத்தையும் காட்டினேன். சத்தியமாகக் காட்டினேன், சார்.

கீரை முழுக்க உருவி முடிந்திருந்தது. அவள் காம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் கரைக்குப் போனேன். சேலை இல்லாமல், நான் கட்டிய வேட்டியும் எப்போதோ காற்றில் போய், கல் வெறுமனே இருந்தது. மற்ற ஆறு பேரும் மஞ்சளில் மினுங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் குந்தி உட்கார்ந்தேன். வீணையின் மேல் குடம் சிதைந்து போயிருக்கிறது. கீழ்க்குடம் மட்டும் கொட்டாங்கச்சி மாதிரி. ஒரு தடவை அதை அகப்பையாகப் பார்த்துவிட்டால் அப்புறம் வீணை தெரியமாட்டேன் என்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தேன். அகப்பைதான். இரண்டு விதக் குழை, பூணூல், சடை எல்லாம் அப்படியே இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் உதட்டோரத்தில் ஒரு பிடிவாதம். கொடுத்த காயை நறுக்கிவைத்துவிட்டுக் கூப்பிடாத இடத்துக்குப் போகாமல் நிற்கிறவளுக்கு வருமே, அது. இதெல்லாம் இலக்கணத்தில் இல்லாத அடையாளம். உங்கள் முன்னால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆனியில் கூட்டம் போட்டார்கள். கல்லைப் பெயர்க்க நாள் குறிக்கத்தான் கூட்டம். ஜேசிபிக்குச் சொல்லியாயிற்று, அந்தப் பக்கத்தில் குழியும் வெட்டியாயிற்று. பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். அக்கா அவர்களுக்கும் பின்னால், தூணை ஒட்டி.

நான் எழுந்து, முன்பு சொன்னதில் ஒரு சந்தேகம் இருக்கிறது என்றேன். கல் தேய்ந்திருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, பல கருத்துகள் உண்டு என்று இழுத்தேன். இப்படி இழுப்பதில் எனக்கு நல்ல பழக்கம். வழக்கம்போல் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அன்னத்தாய் அத்தை கொட்டாவி விட்டாள்.

சோலையப்ப மாமா கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"மாப்ள, கருத்தெல்லாம் அப்புறம். போன வருசம் இதே எடத்துல நின்னு நீங்கதான் சொன்னீங்க, நாங்க யாரும் சொல்லல. புத்தகம் படிச்சவரு நீங்க. கோயில் பலகையில பேரு வரப்போறதும் உங்க பேருதான். இப்ப என்ன சொல்றீங்க? சுத்தி வளைக்காம ஒரு வார்த்தை. ஆணா, பொண்ணா?"

நீங்கள் இப்போது கரைக்குப் போவீர்கள். வேறு ஊர்க்காரர், படித்தவர் என்று உங்களையும் மறித்து இதே கேள்வியைக் கேட்பார்கள், சார். நீங்கள் என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் படிப்பு, உங்கள் பாடு. நான் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெண் என்றேன்.